வளைவு தைத்தவர்

காரைக்காலில் சனிக்கிழமைதோறும் நடந்த தையல் வகுப்பில் எனக்கு அடுத்த மெஷின் அவருடையது. நெரவியிலிருந்து பஸ்ஸில் வருவார். ஒல்லியான உடம்பு, மூக்கு நுனியில் கண்ணாடி. அளவுநாடாவைத் தொடவே மாட்டார். துணியை இரண்டாக மடித்து, நடுவைக் கட்டைவிரல் நகத்தால் கீறிக்கொள்வார், அவ்வளவுதான்.

பஞ்சு வைத்துத் தைக்கும் சுவர்த் திரை ஆளுக்கொன்று செய்யவேண்டும். சிறந்ததை வாசலில் மாட்டுவோம் என்று டீச்சர் சொல்லியிருந்தார். அது என்னுடையதாகத்தான் இருக்கவேண்டும் என்று நினைத்தேன்.

அதில் ஓரம் உள்ளே குழிந்த துண்டோடு ஓரம் வெளியே குவிந்த துண்டை இணைக்கவேண்டும். அளந்து பார்த்தேன். குவிந்த ஓரம் ஒன்றரை சென்டிமீட்டர் கூடுதல். அதை வெட்டிச் சமன் செய்து தைத்தேன். துணி கூம்பி நின்றது.

பக்கத்து மெஷின்காரர் எட்டிப் பார்த்தார். "வெட்டிட்டீங்களாக்கா?"

"அளவு சரியா இருக்கணும்ல?"

"அளவு சரிதான், வளைவுதான் போயிடுச்சு. ரவிக்கைக்குக் கை வைக்கிறப்ப இப்படியா வெட்டுவீங்க? இழுத்துக் குடுத்தா வந்துடும். குடுங்க இப்படி."

புதுத் துண்டு வெட்டி, குண்டூசிகூடக் குத்தாமல் தைத்துக் கொடுத்தார். நன்றி சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மீதி வளைவுகளை நானே தைத்தேன்.

கடைசி நாள் டீச்சர் தேர்ந்தெடுத்தது என் திரையை. "இந்த வளைவைப் பாருங்க, ஒரு சுருக்கம் இல்ல" என்று அவர் தொட்டுக் காட்டியது, பக்கத்து மெஷின்காரர் தைத்த இடம். நான் வாய் திறக்கவில்லை. அவரோ எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார்.

அப்படி மனதாரத் தட்ட அவருக்கு எப்படி முடிந்தது? அதுவும் எனக்கு வராது என்பதுதான் இன்றுவரை பொறுக்கவில்லை.