கப்பல் ஏறாத பிள்ளை

எனக்கு இப்போது எழுபத்தாறு வயது. ஐந்து பிள்ளைகளை வளர்த்தேன். நான்கு நான் பெற்றவை, ஒன்று செத்துப்போன என் தங்கச்சியின் பிள்ளை, ஐந்தில் எது யாருடையது என்று பார்த்தவர்கள் ஒருவரும் பிரித்துச் சொன்னதில்லை. பள்ளிக்கூடம் மூன்றாம் வகுப்போடு சரி. எழுத்துக்கூட்டித்தான் இதை எழுதுகிறேன். எழுத்தில் பிழை இருக்கும், விஷயத்தில் பிழை இல்லை.

பேய், ஆவி என்பதில் எனக்கு ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. ஊரில் சுடலைக்கு அடுத்த வளவில் எட்டு வருடம் குடியிருந்தவள் நான். ஒன்றையும் கண்டதில்லை. கண்டேன் என்று யாராவது வந்து சொன்னால், இரவு என்ன சாப்பிட்டாய் என்றுதான் கேட்பேன். இப்போது நீங்கள் என்னிடம் அதையே கேட்கலாம், கேளுங்கள், எனக்குக் கோபமில்லை.

ஜெர்மனிக்கு வந்து நாங்கள் இருந்தது கொலோன் நகரத்திலிருந்து ரயிலில் மூன்று மணித்தியாலம் தெற்கே, திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு சிறிய ஊர். என் மூத்த மகள் வதனிக்கு அங்கே முதியோர் இல்லத்தில் வேலை. எனக்கு ஊர்த் தேவாலயத்தைத் துடைக்கிற வேலை, கிழமைக்கு இரண்டு தரம். நான் முருகனைக் கும்பிடுகிறவள்தான், ஆனால் எந்தச் சாமியின் வீடாக இருந்தாலும் அழுக்காக இருக்கக்கூடாது. அந்தத் தேவாலயத்துக்கு ஒரு பெண்தான் பாஸ்டர். நான் துடைத்த கல்தரையில் முகம் பார்க்கலாம் என்று அவரே ஊர் முழுக்கச் சொன்னவர்.

யூரோக் காசு வந்து நாலைந்து வருடம் இருக்கும். கோடையானால் அந்த ஊருக்கு அமெரிக்கர்கள் வருவார்கள். இருநூற்றைம்பது வருடத்துக்கு முன் அங்கே பஞ்சமும் சண்டையுமாக இருந்ததாம், குடும்பம் குடும்பமாகக் கப்பலேறிப் போய், அமெரிக்காவில் காடு வெட்டி, மரக்குற்றியால் வீடு கட்டி இருந்தார்களாம். அவர்களின் பேரப்பிள்ளைகளின் பேரப்பிள்ளைகள் வந்து பழைய கல்லறைகளைத் தேடுவார்கள். பாவம், அங்கேதான் எல்லாரும் பிழைவிடுவார்கள். ஜெர்மனியில் கல்லறை என்பது தவணைக்குத்தான். இருபது முப்பது வருடம் முடிந்து, புதுப்பிக்க ஆளில்லை என்றால் கல்லைக் கிளப்பிவிட்டு அதே குழியில் இன்னொருவரை வைப்பார்கள். இருநூறு வருடத்துக் கல்லை எங்கே காண்பது?

டோரத்தி என்ற அம்மாவும் அப்படித்தான் வந்தார். எண்பது வயதுக்கு மேல், தனிய வந்தார். முதல் நாள் முழுக்கக் கல்லறைத் தோட்டத்தில் குனிந்து குனிந்து தேடினார். பாஸ்டர் விஷயத்தைச் சொன்னதும் அங்கேயே புல்லில் இருந்துவிட்டார். தேவாலயப் பதிவுப் புத்தகமும் அந்தக் காலத்துப் பக்கங்கள் இல்லாமல் இருந்தது, யுத்தத்தில் எரிந்துபோனதாம். அடுத்த நாள் பின்னேரம் அவருக்கு ரயில்.

வதனிக்கு இங்கிலீஷ் தெரியும் என்பதால் அவளைத்தான் மொழிபெயர்க்கக் கூப்பிட்டார்கள். இரவு வீட்டுக்கு வந்து சொன்னாள்: "அம்மா, அந்த மனுசி தேடுறது ஒரு சின்னப் பிள்ளையை. ஆறு வயசுப் பெட்டை, பார்பரா எண்டு பேர். தாய் தேப்பன் மற்றப் பிள்ளையளோட கப்பலேறேக்கை இவளை மட்டும் விட்டிட்டுப் போட்டினமாம். ஏன் விட்டவை எண்டு கேட்டால் வாய் திறக்கிறா இல்லை. பிறகு அந்தப் பிள்ளை இருந்ததோ செத்ததோ ஒருத்தருக்கும் தெரியாதாம். இவவின்ரை தாயும் சாகேக்கை அதையே கேட்டுக்கொண்டு செத்தவவாம். இவவுக்குப் பிள்ளையள் இல்லை. இவவோட அந்தக் கேள்வியும் முடிஞ்சுது."

அடுத்த நாள் என் துடைக்கிற நாள். காலை பத்து மணி, வெளியே மழை. டோரத்தி முன் வரிசை மர வாங்கில் இருந்தார். நான் கிட்டப் போனதும் துடைக்க வசதியாகக் குழந்தைப்பிள்ளை போல இரண்டு காலையும் தூக்கிப் பிடித்தார், பிறகு கண்ணை மூடிக்கொண்டார், நித்திரையாகிவிட்டார் என்று நினைக்கிறேன். நான் எப்போதும் பீடத்தில் தொடங்கிப் பின்பக்கமாக நடந்து வாசலில் முடிப்பேன், அப்போதுதான் என் கால் தடம் விழாது.

பாதி துடைத்திருப்பேன், பக்கக் கதவால் ஒரு சிறு பெட்டை வந்தாள். தலையில் வெள்ளைத் துணி. இடது கால் உள்நோக்கி வளைந்திருந்தது. அடி எடுத்துவைக்கிற நேரமெல்லாம் இடது கையால் தொடையை அமத்திக்கொண்டு நடந்தாள். ஈரத்தில் மிதிக்காதே என்று கையைக் காட்டினேன். சுவரோரமாக ஒதுங்கி, டோரத்தியின் வாங்கைத் தாண்டித் தூணுக்கு அந்தப் பக்கம் போய்விட்டாள். நான் துணியை எடுத்துப்போய் அவள் நடந்த இடத்தைப் பார்த்தேன். மழைக்குள்ளால் வந்தவள், ஒரு துளி சேறு இல்லை. நல்லாய் வளர்த்திருக்கிறார்கள் என்றுதான் நினைத்தேன்.

கொஞ்ச நேரத்தில் ஒரு இளம் பெண் வந்தாள், வலது இடுப்பில் கைக்குழந்தை. அதே வெள்ளைத் துணி, அதே வளைந்த கால், அதே மாதிரித் தொடையில் கை. தாயாக்கும் என்று நினைத்தேன். மூன்றாவதாக ஒரு கிழவி, அவளுக்கும் அதே கால். கிழவி டோரத்தியின் வாங்கடியில் சற்று நின்றுவிட்டுத் தூணுக்கு அந்தப் பக்கம் போனாள். எனக்கு எரிச்சல்தான் வந்தது, மூன்று பேரும் ஒன்றாக வந்திருக்கலாமே. பயம் என்று ஒன்றும் இல்லை, பகல் வெளிச்சம், என் கையில் துடைக்கிற தடி.

மத்தியானம் பாஸ்டரின் அறையில் கோப்பி குடிக்கும்போது வதனியிடம் முறையிட்டேன். "உந்த ஊரிலை கால் ஏலாத குடும்பம் ஒண்டு இருக்குதே? பேத்தி, தாய், கிழவி எண்டு ஒவ்வொண்டாய் வந்து என்ரை தரையை உழக்கிப்போட்டுதுகள்."

வதனி சிரித்துக்கொண்டு பாஸ்டருக்குச் சொன்னாள். அப்படி ஒரு குடும்பம் இந்த ஊரில் இல்லை என்றார் பாஸ்டர். டோரத்தி என்ன சிரிப்பு என்று கேட்க, அவருக்கும் இங்கிலீஷில் சொன்னாள். நான் எழும்பி அந்த நடையை நடந்து காட்டினேன், கையால் தொடையை அமத்தி.

நம்பினால் நம்புங்கள், அந்த அம்மாவின் கோப்பை கவிழ்ந்து மேசை முழுக்கக் கோப்பி. கைப்பையிலிருந்து ஒரு கடதாசியை எடுத்தார். அவர்கள் வீட்டுப் பழைய பைபிளின் முதல் பக்கம், அதன் பிரதி. பிள்ளைகளின் பெயர்களைத் தகப்பன் வரிசையாக எழுதியிருந்தான். வெட்கத்தில் அதுவரை ஒருவருக்கும் காட்டாத பக்கம். பாஸ்டர் பழைய எழுத்தை வாசிக்க, வதனி எனக்குச் சொன்னாள்: பார்பரா, ஆறு வயது, இடது கால் வளைந்தது, கப்பல்காரன் ஏற்ற மறுத்தான், ஞானத்தாயிடம் விட்டோம், கடவுள் மன்னிக்கட்டும்.

பிறகு டோரத்தி என் கையைப் பிடித்துக்கொண்டு ஏதோ கேட்டார்.

"அம்மா," வதனி என் பக்கம் திரும்பினாள், "அது மூண்டு பேர் இல்லை, ஒராள்தான் எண்டு சொல்றா. வளர்ந்து, பிள்ளை பெத்து, கிழவியாகி இருக்கிறாள் எண்டு சொல்றா. கிழவி தன்னைப் பாத்தவவோ, கோவமாய்ப் பாத்தவவோ எண்டு கேக்கிறா."

"இல்லைப் பிள்ளை," என்றேன். "சிரிச்சவ. தலையைத் தடவிப்போட்டுத்தான் போனவ எண்டு சொல்லு."

டோரத்தி அழுதார். மேசையில் தலையை வைத்து, கோப்பி ஈரத்தோடு, பள்ளிக்கூடப் பிள்ளை மாதிரி அழுதார். பாஸ்டர் நம்பவில்லை, முகத்திலேயே தெரிந்தது. வீட்டுக்குப் போகும் வழியில் வதனி கேட்டாள், "உண்மையாய்க் கண்டனீங்களோ, இல்லை அந்த மனுசி பாவம் எண்டு சொன்னனீங்களோ?" நான் துடைத்த தரையில் நடந்ததை நான் காணாமல் வேறு யார் காண்பது என்று கேட்டேன்.

டிசம்பரில் நத்தார்ப் பண்டிகைக்கு டோரத்தியின் கடிதம் வந்தது. அந்தப் பைபிள் பக்கத்தில், பார்பராவின் வரிக்குக் கீழே தன் கையால் எழுதிவிட்டாராம்: இருந்தாள், பிள்ளை பெற்றாள், முதுமை கண்டாள், எங்களை மன்னித்தாள். இரண்டு வருடத்தில் அவரும் போய்விட்டார். அதனால் இனிச் சொல்லலாம்.

கண்டது உண்மை, மூன்று தரமும் உண்மை. சிரித்ததும் தடவியதும் நான் சேர்த்தது. கிழவி வாங்கடியில் நின்று குனிந்து டோரத்தியின் முகத்தைக் கிட்டப் பார்த்தாள், நெடுநேரம் பார்த்தாள். கோபமில்லை, அன்புமில்லை. பஸ்ஸில் பக்கத்தில் இருக்கிற முன்பின் தெரியாத ஆளை நாங்கள் பார்ப்போமே, அந்தப் பார்வை. இருநூற்றைம்பது வருடம் ஒரு குடும்பம் இவளை நினைத்து அழுதிருக்கிறது, இவளுக்கு அவர்களை யாரென்றே தெரியவில்லை. அதை நான் எப்படி அந்த மனுசிக்குச் சொல்வது?

பிறகு நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். வாளியைப் பார்த்தாள். வேலை முடிந்ததா என்பது போலத் தலையை ஆட்டினாள், கிழமைக்கு இரண்டு தரம் காண்கிற ஆளுக்கு ஆட்டுவது மாதிரி. நானும் பதிலுக்கு ஆட்டினேன். என்னை அவளுக்கு நன்றாகத் தெரிந்திருந்தது. எவ்வளவு நாளாக என்று இன்றைக்கும் யோசிக்கிறேன்.

இந்தா பிள்ளை, அம்மம்மாவின் எழுத்து உனக்கு விளங்கும். தொடக்கத்திலிருந்து வாசி. அந்தப் பொய் வருகிற இடத்தையும் விடாமல், உன் தாய் வதனிக்கும் கேட்கும்படி சத்தமாய் வாசி.