புள்ளியோடு கேட்ட பிள்ளை

என் மகள் சுமையா மூன்றாம் வகுப்பு படிக்கும்போது, அவள் இடது கண்ணுக்குக் கீழே ஒரு வெள்ளைப் புள்ளி வந்தது. மிளகு அளவுதான் இருக்கும். தேமல் என்று நினைத்து விட்டுவிட்டோம். ஒரு வருஷத்துக்குள் அது கன்னத்தில் இறங்கியது. வலது கை விரல்களிலும் வந்துவிட்டது. வெண்புள்ளி என்றார் டாக்டர். உடம்புக்குக் கெடுதல் இல்லை, யாருக்கும் ஒட்டாது, நிறம் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்றார். மருந்து போட்டோம். திரும்பவில்லை.

சகோதரிகளே, ஒட்டாது என்று டாக்டர் என்னிடம் சொல்லிவிட்டார். பள்ளிக்கூடத்தில் பக்கத்தில் உட்கார மாட்டேன் என்று எழுந்து போகிற பிள்ளைக்கு யார் சொல்வது? எங்கள் வீட்டில் வாய் ஓயாத ஒரே ஆள் சுமையாதான். அவள் வாயை மூடிக்கொண்டாள். கள்ளக்குறிச்சி வெயிலில் முழுக்கைச் சட்டை கேட்டாள். சாப்பிடும்போது விரல்களைச் சட்டைக்குள் இழுத்துக்கொண்டு ஸ்பூன் கேட்டாள். வகுப்பில் எல்லோரையும் நிறுத்திப் போட்டோ எடுத்த அன்று, வயிற்றுவலி என்று வீட்டில் படுத்துக்கொண்டாள். வலி வயிற்றில் இல்லை என்று எனக்குத் தெரியாதா? பெற்ற வயிறு எரிந்தது.

சாயங்காலம் மஃரிப் தொழுது முடித்து நான் துஆவுக்குக் கையேந்தினால் அவளும் பக்கத்தில் உட்கார்ந்து ஏந்துவாள். சின்னப் பிள்ளை, வாய்க்குள் கேட்கத் தெரியாது. "யா அல்லாஹ், என்னிய ரிஸ்வானா மாதிரி ஆக்கிடு" என்று தெருவுக்கே கேட்கும்படி கேட்பாள். ரிஸ்வானா எதிர்வீட்டுப் பெண். நான் வாய்க்குள் முணுமுணுப்பேன். நான் கேட்டதும் ஏறக்குறைய அதுதான். புள்ளி போகணும், என் பிள்ளை மற்றப் பிள்ளைகள் மாதிரி ஆகணும்.

எங்களுக்குச் சொந்தமாக ஒரு வளையல் கடை. ரமலான் மாதம் பாதி தாண்டிவிட்டால் கடையில் கால் வைக்க இடம் இருக்காது. வளையல், ரிப்பன், மருதாணிக் கோன் என்று ஒரே கூட்டம். தலைக்குப் போடுகிற கருப்புச் சாயப் பொட்டலமும் அங்கேதான் தொங்கும். அதைப் பார்த்து என் மகள் ஒரு கணக்குப் போட்டிருக்கிறாள். மருதாணி சிவப்பு, சாயம் கருப்பு, இரண்டையும் குழைத்தால் தன் தோல் நிறம் வந்துவிடும். கெட்டிக்காரி! யாருக்கும் சொல்லாமல் விரலில் கொஞ்சம் தடவியும் பார்த்தாளாம். லேசாக அரித்ததாம், நிறம் ஒத்துப்போனதாம். அரிப்பை யார் மதித்தார்கள்? பெருநாளுக்கு இரண்டு நாள் இருக்கும்போது, நான் கடையில் வியாபாரம் பார்த்துக்கொண்டிருந்த மத்தியானத்தில், கண்ணாடி முன்னால் நின்று கன்னம் முழுக்கப் பூசிக்கொண்டாள்.

மறுநாள் காலையில் என் பிள்ளையின் முகத்தை எனக்கே அடையாளம் தெரியவில்லை. இரண்டு கண்களும் வீங்கி மூடியிருந்தன. கன்னம் கொப்புளித்து நீர் வடிந்தது. "அம்மா, லைட்டு போடேன், இருட்டா கீது" என்றாள். ஜன்னல் வெயில் அவள் மடியில் அடித்துக்கொண்டிருந்தது.

அவள் அத்தா, என் வீட்டுக்காரர், வண்டியை எடுக்க, பிள்ளையை நடுவில் வைத்துக்கொண்டு அரசு ஆஸ்பத்திரிக்குப் போனோம். வழியெல்லாம் எனக்கு அழக்கூடத் தோன்றவில்லை.

"மூஞ்சில இன்னா பூசுன கண்ணு?" என்று டாக்டரம்மா கேட்டார்.

"மருதாணியும் சாயமும். என் கலரு வரட்டும்னு."

அவள் அத்தா சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டார். ஊசி போட்டார்கள், கண்ணைக் கழுவினார்கள், வார்டில் படுக்க வைத்தார்கள். டாக்டரம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "கண்ணுக்குள்ள எறங்கியிருக்கான்னு வீக்கம் வத்தினாதான் தெரியும்மா. இப்ப ஒண்ணும் சொல்ல முடியாது" என்றார்.

இரண்டு கட்டிலுக்கு நடுவில் துப்பட்டாவை விரித்து உட்கார்ந்தேன். எப்போதும் போல வாய்க்குள் கேட்கத்தான் பார்த்தேன். முடியவில்லை. குரல் வெடித்துக்கொண்டு வந்தது.

"யா அல்லாஹ்! புள்ளி போவணும், புள்ளி போவணும்னு இத்தினி நாளா கேட்டுக்கினு இருந்தேன். இனிமே கேக்கல. அது இருந்துட்டுப் போவுது. எம்புள்ள கண்ண மட்டும் குடுத்துடு. இந்தப் புள்ளியோட, இந்தக் கன்னத்தோட, இவதான் எனக்கு வேணும். வேற மாதிரி ஒருத்தி எனக்கு எதுக்கு?"

வார்டே என்னைத் திரும்பிப் பார்த்தது. பார்த்தால் பார்க்கட்டும் என்று அழுதேன். அப்போது கட்டிலிலிருந்து குரல் வந்தது.

"அம்மா. புள்ளியோடவா கேட்ட?"

"ஆமான்டி தங்கம்."

"நெசமா?"

"நெசமாத்தான்."

சட்டைக்கைக்குள்ளிருந்து விரல்களை வெளியே எடுத்து, துழாவி, என் கையைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே தூங்கிப்போனாள்.

பெருநாள் விடிந்தது. பள்ளிவாசலில் அல்லாஹு அக்பர் என்று தக்பீர் சொல்வது ஆஸ்பத்திரி வரைக்கும் கேட்டது. நான் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தேன். "இன்னாம்மா நீ, பெருநாளும் அதுவுமா தலகூட வாராம உக்காந்துக்கினு கீற?" என்றாள் சுமையா. இடது கண் கீற்றாகத் திறந்திருந்தது. என் தலை கலைந்திருப்பது அவளுக்குத் தெரிகிறது! அல்ஹம்துலில்லாஹ், அல்ஹம்துலில்லாஹ் என்பதைத் தவிர எனக்கு வேறு பேச்சு வரவில்லை. டாக்டரம்மா வந்து டார்ச் அடித்துப் பார்த்து, கண்ணுக்கு ஒன்றுமில்லை, பார்வை நன்றாக இருக்கிறது என்றார்.

வீக்கம் வடிய வடிய, அத்தாவின் போனை வாங்கி அதில் முகத்தைப் பார்த்தாள்.

"போவலியாம்மா?"

"போவல."

"பரவால்ல. நீதான் இதோடயே கேட்டுட்டியே."

என்னவோ நான்தான் அவசரப்பட்டுக் கேட்டுக் காரியத்தைக் கெடுத்த மாதிரி! ஆனால் அவள் சிரித்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எத்தனை மாதமாகியிருந்தது.

பக்கத்துக் கட்டிலில் கல்வராயன் மலையிலிருந்து வந்த ஒரு பெண்பிள்ளை. கடுக்காய் மரத்திலிருந்து விழுந்து கையில் கட்டுப் போட்டிருந்தார்கள். மத்தியானம் சுமையாவின் அத்தா பெருநாள் பிரியாணி கொண்டுவர, அந்தப் பிள்ளைக்கும் கொடுத்தோம். அது சுமையாவின் விரல்களையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "தொட்டா ஒட்டிக்குமா?" என்று கேட்டது. எனக்கு உயிரே நின்றுவிட்டது. இதே கேள்விக்கு என் பிள்ளை எத்தனை நாள் அழுதுகொண்டு வீட்டுக்கு வந்திருக்கிறாள்!

"ஒட்டாது. இதுவும் என் கலருதான். இந்தா, தொட்டுப் பாரு."

கையை நீட்டினாள். அந்தப் பிள்ளை தொட்டுத் தடவிப் பார்த்துவிட்டு, தன் தட்டை நகர்த்திக்கொண்டு வந்து இவள் கட்டிலில் உட்கார்ந்துகொண்டது. சுமையா ஸ்பூன் கேட்கவில்லை.

புண் ஆறிவிட்டது. புள்ளி அப்படியேதான் இருக்கிறது, நெற்றியில் புதிதாக ஒன்றும் வந்திருக்கிறது. சில நாள் யாராவது ஏதாவது சொல்லி முகம் வாடித்தான் வருகிறாள், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் இப்போதெல்லாம் வகுப்பில் ஓயாமல் பேசுகிறாள் என்று டீச்சர் குறை சொல்லி அனுப்புகிறார். அந்தக் குறையைக் கேட்க எனக்கு அவ்வளவு சந்தோஷம். ரிஸ்வானா மாதிரி ஆக்கு என்ற துஆவும் நின்றுவிட்டது. இப்போது சைக்கிள் கேட்டு அல்லாஹ்வை நச்சரித்துக்கொண்டிருக்கிறாள். நானும் மற்றப் பிள்ளைகளின் கன்னத்தைப் பார்த்துப் பெருமூச்சு விடுவதை விட்டுவிட்டேன்.

சகோதரிகளே, உங்கள் பிள்ளைக்கு என்ன குறை என்று நினைத்து நீங்கள் தவிக்கிறீர்களோ எனக்குத் தெரியாது. எதுவானாலும் அல்லாஹ்விடமே கேளுங்கள், நம்பிக் கேளுங்கள். அவன் நம்மைக் கைவிடுகிறவன் இல்லை. கேட்கும்போது பிள்ளையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, கொஞ்சம் சத்தமாகக் கேளுங்கள். வாய்க்குள் முணுமுணுத்தாலும் அல்லாஹ்வுக்குக் கேட்கும். பிள்ளைக்குக் கேட்காது.