கண்ணாடியம்மா தலையாட்டினாள்

போன ஞாயிற்றுக்கிழமை காலை. திருத்துறைப்பூண்டி பக்கம் ஒரு ரைஸ் மில் குடோன். என் எதிரே ஆளுயர மரப்பெட்டி. மேல்பாதி கண்ணாடி, அதற்குள் நீலச் சட்டை போட்ட, ரோஸ் கன்னத்துப் பெண் பொம்மை. காசு போட்டால் தலையாட்டி, கையைத் தூக்கி, ஒரு ஜோசிய அட்டையைத் தள்ளிவிடும் மெஷின். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

உங்களுக்குத்தான் தெரியுமே... பல் வைத்தியம் என் தொழில். காசு போட்டால் ஓடும் பழைய விளையாட்டு மெஷின்களைச் சேர்ப்பது என் பைத்தியம். தஞ்சாவூர் வீட்டு ஹாலில் ஏற்கெனவே மூன்று நிற்கின்றன. என் வீட்டுக்காரர் அவற்றின் இடுக்கு வழியாகத்தான் டிவி பார்க்கிறார். ஆனால் ஜோசியப் பொம்மை? பதினோரு வருடத் தேடல்.

மில் ஓனர் கலியபெருமாளின் அப்பா காலத்தில் பொருட்காட்சி போட வந்தவர்கள் வெள்ளத்தில் மாட்டிக்கொண்டு, இதை இங்கே இறக்கிவிட்டுப் போனார்களாம். திரும்பி வரவே இல்லை.

"எடுத்துட்டுப் போங்க டாக்டரம்மா. இடத்த அடைச்சுக்கிட்டு நிக்கிது. ஆனா ஓடாது, பாத்துக்கங்க" என்றார்.

ஓடாவிட்டால் என்ன? வெளியே லோடு ஆட்டோ தயார்.

கிட்டே போய்ப் பார்த்தேன். கண்ணாடியில் மஞ்சள், குங்குமம். காலடியில் காய்ந்த கதம்பம். "இதென்னங்க?" என்று கேட்பதற்குள் வாசலில் நான்கு பெண்கள் வந்து நின்றார்கள். களத்தில் நெல் காயவைப்பவர்கள். முன்னால் நின்றவர் அஞ்சம்மாள்.

"கண்ணாடியம்மாவையா தூக்கிட்டுப் போறீங்க?"

விஷயம் இதுதான். அவித்த நெல்லைக் களத்தில் பரப்பியிருக்கும்போது வானம் கறுத்தால், கண்ணாடியம்மாவுக்கு ஒரு ரூபாய் போடுவார்கள். மழை பெய்தால் நெல்லும் போச்சு, அன்றைய கூலியும் போச்சு.

"காசு போட்டா மழை நின்னுடுமா?" என்றேன்.

"நிக்கும். நிக்காத அன்னிக்கு யாராச்சும் போட மறந்திருப்பாளுவ."

"அது பொம்மை. போயி வேலையப் பாருங்க" என்றார் கலியபெருமாள். யாரும் நகரவில்லை. அஞ்சம்மாளுக்குக் கண் கலங்கியிருந்தது. எனக்கும் சங்கடம்தான். பொய் சொல்வானேன் — சங்கடத்தைவிட ஆசை பெரிதாக இருந்தது.

அப்படியே ஏற்றிக்கொண்டு கிளம்பியிருக்கலாம். ஆனால் ரிப்பேர் தெரிந்தவர்களுக்கு ஒரு வியாதி உண்டு. கை சும்மா இருக்காது. மெஷினின் பின்கதவைத் திறந்தேன். காசு போடும் வாயின் அகலம் பழைய காலணாவுக்கு. இவர்கள் போட்டது இந்தக் காலத்துச் சின்ன ரூபாய். எல்லாம் பக்கவாட்டில் சரிந்து பல்சக்கரங்களுக்கு நடுவே மாட்டியிருந்தன. பல்சக்கரம்! இதற்கு நான் வராமல் வேறு யார் வருவது?

ஹேண்ட்பேகிலிருந்து சொத்தைப் பல் சுரண்டும் கம்பி, குட்டிக் கண்ணாடி. ஒவ்வொரு காசாகப் பிடுங்கினேன். மில்லிலேயே எண்ணெய் வாங்கிச் சக்கரங்களுக்கு விட்டேன். சாவி கொடுத்தேன். கையோடு கொண்டுபோயிருந்த காலணா ஒன்றைப் போட்டேன்.

கர்ர்ர்...

தலை இடம் திரும்பியது. வலம் திரும்பியது. கை மெல்ல உயர்ந்தது. டப்பென்று ஒரு அட்டை விழுந்தது. ஐம்பத்திரண்டு வயதில் நான் குதித்தேன், ஐயா, நிஜமாகவே குதித்தேன்.

திரும்பிப் பார்த்தால் நான்கு பேரும் தலைக்குமேல் கைகூப்பி நிற்கிறார்கள். போகட்டும். கலியபெருமாள்? செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். தோளில் கிடந்த துண்டு இடுப்புக்கு வந்திருந்தது. அதைப் பார்த்ததும் மெஷின் கைநழுவுகிறது என்று புரிந்தது.

அவசரமாக அட்டையைப் படித்தேன். 'நினைத்த காரியம் கைகூடும்.' விடுவேனா?

"பாத்தீங்களா? இத எடுத்துட்டுப் போகணும்னுதான் நான் நினைச்சேன். கைகூடுமாம்."

அஞ்சம்மாள் குரலை உயர்த்தவே இல்லை. "நீங்க இன்னிக்கி ஒரு காசு போட்டீங்க டாக்டரம்மா. நாங்க வருசக்கணக்கா போட்டுக்கிட்டிருக்கோம்."

நான் கலியபெருமாளைப் பார்த்தேன்.

"மன்னிச்சுக்குங்க" என்றார் கலியபெருமாள். "பொம்மைய குடுக்குறேன்னுதான் சொன்னேன். கண்ணாடியம்மாவ எப்படிங்க குடுக்குறது?"

லோடு ஆட்டோ காலியாகத் திரும்பியது. வழியெல்லாம் என்னையே திட்டிக்கொண்டு வந்தேன். வீட்டுக்காரர் மட்டும் அன்றைக்குத் தானே காபி போட்டுக் கொடுத்தார். அவ்வளவு சந்தோஷம்.

அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தேன். வியாழக்கிழமை, கிளினிக்கில் ஒருவரை வாயைத் திறக்கச் சொல்லும் நேரத்தில் மில் நம்பரிலிருந்து போன். அஞ்சம்மாள்.

"காசு சிக்கிக்கிச்சு டாக்டரம்மா. கை தூக்க மாட்டேங்குது. நெல்லு பூரா களத்துல கெடக்கு, மேகம் கட்டிக்கிட்டு வருது. கெளம்பிட்டீங்களா?"

வர முடியுமா என்று கேட்கவில்லை, கவனித்தீர்களா? பல் க்ளீனிங்குக்கு வந்தவரை மறுநாள் வரச் சொல்லிவிட்டுக் கார் சாவியை எடுத்தேன்.

மெஷின் கிடைக்கவில்லை... பூசாரி உத்தியோகம் கிடைத்திருக்கிறது.