டிரைவர் வீட்டு மிளகாய் நாற்று

எங்கள் எதிர்வீட்டுக்காரர் பஸ் ஓட்டுபவர். தெருவில் எல்லோருக்கும் அவர் டிரைவர்தான். அவரைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டது அவர் மனைவி ஒருத்திதான், அதுவும் கோபம் வந்தால். அந்த அக்கா சன்னலில் ஒரு மிளகாய்ச் செடி வளர்த்தார். குட்டையான உருண்டைக் காய். கடித்தால் காது அடைக்கும் காரம். "இந்த மனுஷன் வாயை அடைக்க இதுதான் சரி" என்று சிரிப்பார்.

ஒருநாள் காலையில் அக்காவுக்கு நெஞ்சு வலித்தது. மகள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவாள் என்று நினைத்து டிரைவர் பஸ் எடுக்கப் போய்விட்டார். அப்பா லீவு போடுவார் என்று நினைத்து மகள் தான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குப் போய்விட்டாள். மதியத்துக்குள் அக்கா போய்ச் சேர்ந்துவிட்டார். அதன்பிறகு அப்பாவும் மகளும் பேச்சை விட்டுவிட்டார்கள். அவள் சமைத்து மூடி வைப்பாள். அவர் சாப்பிட்டுத் தட்டைக் கழுவி வைப்பார். செடியை நினைக்க ஆளில்லை. காய்ந்து குச்சியாய் நின்றது.

அதில் வற்றலாய்த் தொங்கிய கடைசிக் காயை டிரைவர்தான் பறித்தார். இருந்த விதை முழுவதையும் காகிதக் கோப்பைகளில் ஊன்றினார். முளைத்தன. விதையிலைகளுக்கு நடுவே கடுகளவு இரண்டு இலைகள் வந்தன. அத்தோடு நின்றுபோயின.

நான் சட்டைகளுக்குப் பொத்தான் தைப்பவள். வெளிச்சத்துக்காகச் சன்னலோரம்தான் உட்காருவேன். அவர்கள் சன்னல் நேர் எதிரே. டிரைவர் விடிந்ததும், மகள் எழுந்திருக்கும் முன்பே தண்ணீர் ஊற்றுவார். மகள் கடையிலிருந்து வந்ததும் ஊற்றுவாள். அந்த நேரத்தில் அவர் வீட்டில் இருப்பதில்லை. ஒரு செடியைக் காயவிட்ட வீடு அது. மண் கொஞ்சம் வெளுத்தாலே இருவருக்கும் பயம்.

டிரைவர் நர்சரிக்காரரிடம் கேட்டபோது நான் பக்கத்துக் கடையில் நின்றிருந்தேன்.

"தண்ணி எவ்வளவு ஊத்துறீங்க?"

"காலையில ஒரு டம்ளர், எல்லாத்துக்கும் சேர்த்து."

"அது சரிதான். வெயில்?"

"நல்லா விழுது."

"அப்ப சத்து பத்தல. டீசல் போடாம பஸ்ஸை ஓட்டுவீங்களா? உரம் வாங்கிட்டுப் போங்க."

அவர் உரத்தைத் தண்ணீரில் கரைத்து ஊற்றினார். அதே வாரம் மகளும் எங்கிருந்தோ ஒரு உர பாட்டில் கொண்டுவந்தாள். இலைகள் மஞ்சளாகின. மண்ணின்மேல் பாசி படர்ந்தது, சின்ன ஈக்கள் பறந்தன.

வலியப் போய்ப் பேச எனக்கு வராது. ஆனால் ஒரு நாற்று சாய்ந்துவிட்டதைப் பார்த்த அன்று, மகள் வரும்வரை வாசலில் நின்றேன்.

"தண்ணி ஊத்தாத பாப்பா. காலையில அப்பா ஊத்திட்டுத்தான் போறார். தினமும்."

"அவரா? நட்டதோட மறந்துட்டார்னு நினைச்சேன்க்கா."

மறுநாள் டிரைவர் டம்ளரோடு வந்தபோது அவள் சன்னலை மறித்துக்கொண்டு நின்றாள்.

"ஊத்தாதீங்கப்பா. நேத்து சாயங்காலம் நான் ஊத்திட்டேன்."

"நீயா?"

"தினமும்தான்."

கோப்பைகளைக் கிழித்துப் பார்த்தார்கள். மண் சேறாயிருந்தது. வேர்கள் பழுப்பாகி, தொட்டால் வழுக்கிக்கொண்டு வந்தன. ஒரே ஒரு நாற்றில் மட்டும் நூலளவு வெள்ளை வேர் இருந்தது. "நீங்க பிடிங்க", "நீ மண்ணைப் போடு" என்று இருவருமாக அதை உலர்ந்த மண்ணுக்கு மாற்றினார்கள். பிறகு கேட்காமல் யாரும் ஊற்றவில்லை.

"ஊத்தட்டா?"

"இன்னைக்கு வேண்டாம்ப்பா."

அந்த வீட்டில் பேச்சு அவ்வளவுதான். ஆனாலும் பேச்சு இருந்தது.

அந்த நாற்றும் பிழைக்கவில்லை. இருவரும் வீட்டிலிருந்த ஒரு விடுமுறை நாளில் தண்டு கறுத்துச் சாய்ந்தது. டிரைவர் அதை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார்.

"நர்சரியில வேற மிளகாய் இருக்கும்மா. வாங்கிட்டு வரட்டா?"

"அது அம்மாவோடது இல்லையேப்பா."

"நான்தான் கொன்னுட்டேன்."

"நாம ரெண்டு பேரும்தான்."

அக்காவைத் தூக்கிப்போன அன்றுகூட அந்த மனிதர் வாய்விட்டு அழுது நான் பார்த்ததில்லை. இப்போது அழுதார். மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். அழாதீங்க என்று அவள் சொல்லவில்லை.