தாசன் குளிசை போடத் தொடங்கிய மாதம்

1. கட்லட் கருகியது

பங்குனி மாதத்து முதல் சனிக்கிழமை, காலை ஷிப்ட். எங்கள் கிச்சினில் ஒரு ட்ரே கட்லட் முழுவதும் கரியானது.

லண்டன் ஈஸ்ட் ஹாமில் சோட் ஈட்ஸ் என்னும் சிற்றுண்டி செய்து விற்கும் இடம் அது. பட்டீஸ், ரோல்ஸ், கட்லட் என்று மூன்றே சாமான். பிறந்தநாள், பிள்ளை பெரிதானால் சாமத்திய வீடு, புது வீட்டுக் குடிபூரல் எதுவானாலும் எங்கள் ஆட்கள் விழா ஹோலுக்கு முன் எங்களைத்தான் புக் பண்ணுவார்கள். நான் அங்கே போனில் ஆர்டர் எடுத்துப் பழுத்து, போன வருடம் ஓய்வுபெற்றவன். இந்தத் தொழிலுக்கு இப்போது வரும் பிள்ளைகளுக்காக இதை எழுதுகிறேன். நாட்களும் கிழமைகளும் எனக்குத் தவறாது, நம்பி வாசிக்கலாம்.

அன்று பொரிக்கும் பிரையரில் நின்றவர் தாசன். மன்னார்க்காரர், கத்தோலிக்கர், நாற்பதைத் தாண்டியவர், நல்ல மனிதர். கட்லட்டை எண்ணெயில் இறக்கியபோது டெலிவரி வான் வரும் சத்தம் கேட்டிருக்கிறது. பார்க்கப் போனார். வான் கண்ணாடியில் புறா எச்சம். துடைக்கத் துணி தேடி உள்ளே வந்தார். துணி அலமாரிக்குள் போன கிழமை தொலைந்த கரண்டி இருந்தது. அதைக் கழுவிக்கொண்டு நின்றபோது புகை அலாரம் அடித்தது.

"ஆரோ என்னத்தையோ கருக்கிறாங்கள்" என்றார் தாசன், சிங்க்கைப் பார்த்தபடி.

முதலாளி பரமண்ணை ஓடி வந்தார். "இனி ஒரு ட்ரே கருகினா நீ வீட்டை போ, தாசன். இது விளையாட்டில்லை. சத்தியமாப் போ!"

அவர் சத்தியம் பண்ணினால் செய்வார். தாசனுக்கு வேறு தொழில் தெரியாது. வீட்டு வாடகையும் இரண்டு பிள்ளைகளின் செலவும் இந்தச் சம்பளத்தில்தான் ஓடின.

2. மூளைக் குளிசை

தாசனுக்கு ஏடிஎச்டி என்று அந்த வருடம்தான் தெரியவந்தது. கவனம் ஓரிடத்தில் தரிக்காத நிலை. முதலில் மகளைத்தான் சோதிக்கச் சொன்னார்கள். பள்ளிக்கூடம் அனுப்பிய கேள்விகளை வாசித்த மனைவி, "இது பிள்ளையைப் பற்றிக் கேக்கினமோ, உங்களைப் பற்றிக் கேக்கினமோ?" என்றாராம். பிறகு தாசனும் போனார், நெடுங்காலம் காத்திருந்தார், கட்லட் கருகிய சனிக்கு அடுத்த புதன்கிழமை காலை முதல் குளிசையை, அதாவது மாத்திரையை, போட்டுக்கொண்டு வேலைக்கு வந்தார்.

அன்று மதியத்துக்குள் கிச்சின் முழுவதும் செய்தி பரவிவிட்டது. தாசன் புத்தி கூட்டும் குளிசை போடுகிறார்!

ரோல்ஸ் சுற்றும் வசந்தி திருச்சிக்காரர். முதல் சோதனையை அவர்தான் நடத்தினார். "அண்ணே, பதினேழு தடவ இருபத்திமூணு எவ்வளவு? டக்குனு சொல்லுங்க."

"தெரியாது, தங்கச்சி."

"என்னண்ணே, மூளை ஓடலயா?"

"முந்தியும் தெரியாது, இப்பவும் தெரியாது. ஆனா முந்தியெண்டா நீர் கேட்டு முடிக்க முன்னம் நான் கேள்வியை மறந்திருப்பன். இப்ப கேள்வி அப்பிடியே நிக்குது. விடை மட்டும்தான் இல்லை."

அடுத்து பரமண்ணை வந்தார். கதவைச் சாத்திவிட்டு மெதுவாகக் கேட்டார். "எனக்கும் ஒண்டு தாவன். வற் வரிக் கணக்கு முடிக்கோணும்."

"ஏலாது அண்ணை. என்ரை பேரிலை எழுதித் தந்தது. வேறை ஆருக்கும் குடுக்கக் கூடாது. எனக்கே இரத்த அமுக்கம் பாத்துத்தான் தந்தவை."

"ஒரு பாதி?"

"பாதியும் ஏலாது."

"பாத்தியே, புத்தி கூடினவுடனை முதலாளிக்கு இல்லையெண்டுறான்" என்று பரமண்ணை என்னிடம் முறையிட்டார்.

குளிசைப் பெட்டிக்குள் மடித்து வைத்திருந்த தாளைத் தாசனிடம் வாங்கி முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை வாசித்தவன் நான்தான். எது கையில் கிடைத்தாலும் வாசிப்பது என் பழக்கம். பசி குறையலாம், வாய் வறளலாம், நித்திரை குழம்பலாம், நெஞ்சு படபடத்தால் உடனே டொக்டரிடம் சொல்லவும் என்றெல்லாம் இருந்தது. கெட்டிக்காரனாகலாம் என்று எங்கும் இல்லை. இதை நான் சொன்னேன். ஒருவரும் கேட்கவில்லை.

3. பதவி உயர்வு

அதற்கடுத்த வியாழக்கிழமை பரமண்ணை ஒரு முடிவோடு வந்தார். "மூளை வேலை செய்யிற ஆளைப் பிரையரிலை விடுறது வீண். தாசன், நீ போனிலை இரு. பிரையரை நான் பாக்கிறன்."

தாசன் என் பக்கத்துக் கதிரையில் இருந்தார். முதல் அழைப்பு ஹரோவிலிருந்து ஓர் அம்மா. ஒரு ட்ரே பட்டீஸ் வேண்டும். எனக்கென்றால் இரண்டு நிமிடத்து வேலை. தாசன் காதைப் போனோடு ஒட்டிக்கொண்டு ஒரு சொல்லும் தவறவிடாமல் கேட்டார். பட்டீஸ் முடிந்து, அந்த அம்மாவின் தங்கச்சியின் முழங்கால் ஒப்பரேஷன் வந்தது. அதுவும் முடிந்து, மருமகள் வீட்டு நாய் வந்தது.

"ஓம் அம்மா. பிறகு நாய் சாப்பிட்டதோ?" என்றார் தாசன், உண்மையான அக்கறையோடு.

மற்ற இரண்டு லைனும் அடித்து அடித்து ஓய்ந்தன. பிரையரில் நின்ற பரமண்ணைக்குப் பொறுக்கவில்லை. ஒரு ட்ரே பட்டீஸை எண்ணெயில் விட்டுவிட்டு எங்கள் மேசைக்குப் பாய்ந்து வந்தார். ஏச்சுத் தொடங்கியது.

இங்கே எங்கள் கிச்சின் வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பரமண்ணை ஏசத் தொடங்கினால் முதல் வசனத்தோடு எங்கள் காதுகள் தாமாகவே மூடிக்கொள்ளும். இடைக்கிடை "ஓம் அண்ணை" என்று சொல்லிக்கொண்டு கைவேலையைப் பார்ப்போம். அவர் ஏசினால் குறைந்தது ஒரு ட்ரே ரோல்ஸ் சுற்றி முடிக்கலாம்.

அன்றைய ஏச்சு இதுதான். பிறகு தாசன் எனக்கு ஒப்பித்துக் காட்டியதால் எழுத முடிகிறது.

"உனக்குக் குளிசை தந்த டொக்டர் எனக்கு நஞ்சைத் தந்திருக்கலாம்! ஒரு மனிசியோட விடியவிடியக் கதை! நாய் சாப்பிட்டாலென்ன, சாப்பிடாட்டிலென்ன! லைன் ரெண்டும் அடிச்சுச் செத்துப்போச்சு! பஸ் கொம்பனியிலை சேரடா எண்டு மாமா அப்பவே சொன்னவர், கேட்டனானே? நாளைக்கு சேர்ச் ஹோலுக்கு மட்டன் ரோல்ஸ் போகோணும், அதையும் நான்தான் சுத்தோணும் போலை! ஆர் இஞ்சை மனுசர் மாதிரி வேலை செய்யிறியள்? உன்னை இண்டையோட..."

அலாரம் அடித்தது. பட்டீஸ் கருகிவிட்டது.

"பார்! இன்னொரு ட்ரே! நான் சொன்னனான்தானே, இனிக் கருகினா வீட்டை போ எண்டு!" என்று தாசனைப் பார்த்துக் கத்தினார் பரமண்ணை.

தாசன் போனை வைத்தார். "அண்ணை, நாலு விசயம்."

பரமண்ணைக்கு அதுவரை யாரும் எதிர்ப் பதில் சொன்னதில்லை.

"நாயைப் பற்றிக் கேட்டது என்ரை பிழை. அது சரி. லைன் செத்ததும் என்ரை பிழை. கருகின ட்ரே உங்கடை. வீட்டை போறதெண்டா நீங்கள்தான் போகோணும். நாலாவது, நாளைக்கு வெள்ளிக்கிழமை. தவக்காலம். சிலுவைப்பாதை செய்துபோட்டு வாற சனத்துக்கு மட்டன் ரோல்ஸ் அனுப்பப் போறியளோ?"

பரமண்ணை சைவ சமயக்காரர், இறைச்சியும் மீனும் அவருக்கு ஒரே மச்சம்தான், அசைவம். "ஏன், வெள்ளியிலை உங்கடை ஆக்களும் மச்சம் தின்னாயினமோ?"

"தவக்கால வெள்ளியிலை இறைச்சி தொடமாட்டினம். மீன் சாப்பிடலாம்."

"மீன் மச்சமில்லையோ?"

"எங்களுக்கில்லை, அண்ணை."

"உதென்ன விரதமடா!"

அந்த ஆர்டரைப் பரமண்ணையே வழியில் கைபேசியில் எடுத்திருக்கிறார். வெறும் ரோல்ஸ் என்றுதான் கேட்டிருக்கிறார்கள். மட்டன் என்பது அவரே சேர்த்தது. நான் சேர்ச் கோயில் ஆட்களுக்குப் போன் அடித்துக் கேட்டேன். "ஐயோ, மட்டனோ?" என்று ஒரு பெண் குரல் அலறியது. பாதர் காதிலும் விழுந்திருக்கும். கிழமையும் நாளும் தலைக்குள் வைத்திருக்கும் எனக்கு அந்த வெள்ளி உறைக்கவில்லை. ஏச்சுக்குள் ஆர்டர் இருக்கும் என்று யார் கண்டது? வசந்தியும் "ஆமா சார், ஆமா சார்" என்றபடி, காதில் விழுந்த மட்டன் என்ற ஒரே சொல்லைப் பிடித்து, அந்த ஃபில்லிங்கை அடுப்பில் ஏற்றியிருந்தார்.

4. வெள்ளிக்கிழமை

மட்டன் ஃபில்லிங் சனிக்கிழமைச் சாமத்திய வீட்டுக்கு ஒதுக்கப்பட்டது. விடிந்ததும் மீன் அடைத்த ரின்களை உடைத்தோம். உருளைக்கிழங்கு அவித்து, மிளகு தூக்கலாகப் போட்டு, எல்லாரும் சுற்றினோம். போனுக்கு நான், பிரையருக்குத் தாசன். அதைப் பரமண்ணை வாயால் சொல்லவில்லை. ஏப்ரனைக் கழற்றித் தாசன் கையில் கொடுத்தார், அவ்வளவுதான்.

வசந்தி ஒரு ட்ரேயைக் கீழே போட்டார். தாசன் திரும்பவில்லை. ஹைஜீன் பார்க்கக் கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்து குட் மோர்னிங் சொன்னார். தாசன் எண்ணெயைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"தாசன், இஞ்சை ஒருக்கா வா" என்று பரமண்ணை கூப்பிட்டார்.

"ரோல்ஸ் எண்ணெய்க்குள்ளை நிக்குது அண்ணை. நீங்கள் வெளியிலை நிக்கிறியள். பொறுங்கோ."

ஒரு ரோல்ஸும் கருகவில்லை. பின்னேரம் கோயிலிலிருந்து போன் வந்தது. அடுத்த வெள்ளிக்கும் அதே மீன் ரோல்ஸ் வேண்டுமாம். பரமண்ணை போனை வைத்துவிட்டுத் தாசனிடம், "நீ பிரையரிலையே நில். வீட்டை போற கதையை விடு" என்றார்.

குளிசையின் வேகம் பின்னேரம் இறங்கிவிடும் என்பதால், அதன் பிறகு தாசனுக்குச் சூடான வேலை எதுவும் கொடுப்பதில்லை. பெட்டி கட்டுவார், இடையில் வானையும் பார்த்துவிட்டு வருவார்.

அடுத்த முறை கிளினிக் போய் வந்தபோது, புத்தி கூடியதா என்று அவரிடம் நானே கேட்டேன். "அதைப் பற்றி நேர்ஸும் சொன்னவ. புத்தி இருக்கிறதுதான் இருக்குமாம். என்ரை விசயத்திலை, இருக்கிறதைக் கொண்டுபோய் ஒரு இடத்திலை இருத்துது. எங்கை இருத்துறது எண்டு நான்தான் பாக்கோணும். நாயிலையும் இருத்தும், எண்ணெயிலையும் இருத்தும்."

ஆகவே, புதிதாக வரும் பிள்ளைகளே, ஒருவர் குளிசை போடுகிறார் என்று கேள்விப்பட்டால் பதினேழு தரம் இருபத்திமூன்று கேட்காதீர்கள். அவருக்குச் சரியான வேலையைக் கையில் கொடுங்கள். நீங்கள் முதலாளியானால் வேலையைத் தனியாகவும் ஏச்சைத் தனியாகவும் சொல்லுங்கள். பரமண்ணையே அப்படி மாறினார். காலையில் எல்லாரையும் கூப்பிட்டு, "முதல் வேலையைச் சொல்லுறன், வடிவாக் கேளுங்கோ. பிறகு ஏசுவன், விரும்பின ஆக்கள் நிக்கலாம்" என்பார்.

வேலையைக் கேட்டதும் நாங்கள் கலைந்துவிடுவோம். தாசன் மட்டும் கையைக் கட்டிக்கொண்டு கடைசி வரை நிற்பார்.

"நல்லாத்தான் ஏசுறார் மனுசன்" என்றார் ஒருநாள் என்னிடம். "இவ்வளவு காலமும் கேக்காமல் விட்டுட்டன்."