கழற்றாத பல் செட்

ராயபுரத்தில் கருவாட்டு மண்டி வைத்திருந்த சமாதானம், ஐம்பத்திரண்டு வயதில் ஒரு சீனப் பல் டாக்டரிடம் மேலும் கீழுமாகப் பல் செட் கட்டிக்கொண்டார். தினமும் கழற்றி சோப்புப் போட்டுத் தேய்க்க வேண்டும், தூங்கும்போது தண்ணீரில் போட்டுவைக்க வேண்டும் என்று டாக்டர் சொன்னதை மனைவி ஞானபாக்கியம்தான் காதில் வாங்கினாள்.

"சொத்தை விழாதுன்னுதானே இத வாங்கினேன்? இதுக்கு எதுக்குளா சோப்பு?" என்றார் அவர்.

ஆறே மாதத்தில் வேதக்கோவிலில் அவரைச் சுற்றிப் பெஞ்சு காலியானது. ஒரே பாட்டுப் புத்தகத்தைப் பிடித்துக் கூடப் பாடும் ராசையாவே இரண்டு பெஞ்சு தள்ளிப் போய்விட்டார். அந்த அவமானம் சமாதானத்தைத் தின்றது. கருவாட்டு வாடைதான் காரணமென்று முடிவுகட்டி, நன்றாக நடந்த மண்டியை விற்றுத் தண்டையார்பேட்டையில் கருப்பட்டிக் கடை போட்டார். பெஞ்சு மட்டும் காலியாகவே இருந்தது.

கருப்பட்டிச் சிப்பம் இறக்க வந்த கைவண்டிக்காரர் ஜஹாங்கீர் ஒருநாள் மூக்கைப் பொத்திக்கொண்டார்.

"இன்னா நைனா, கருவாட்ட வித்துட்டு நாத்தத்த வாயிலயே வச்சிகினு கீற?"

சமாதானம் அதைக் கேலி என்று சிரித்தார். உள்ளேயிருந்த ஞானபாக்கியத்துக்கு விளங்கிவிட்டது. நாற்றம் என்று சொன்னால் மனிதர் சண்டைக்கு வருவார்.

"கருப்பட்டிக் கறை பல்லுல ஏறுது, கழத்திக் குடுங்க" என்றாள்.

வழவழவென்று படிந்திருந்த அழுக்கு மூன்று தேய்ப்புக்குப் பிறகே விட்டது. அன்றிலிருந்து தினமும் தேய்த்தாள். அடுத்த மாதம் ராசையா பழைய இடத்துக்கே வந்து உட்கார்ந்தார்.

"பாத்தியாளா, கருப்பட்டி யாவாரத்துக்குள்ள மதிப்ப!" என்றார் சமாதானம், வீடு வந்ததும்.

"அதானே!" என்ற ஞானபாக்கியம், தண்ணீர்க் கிண்ணத்தை அவர் வாய்க்கு நேராக நீட்டினாள்.