கரவன் பார்க்குகளும் கண்டறியாத காரும்

பதினாறு வருடமாக ஆஸ்பத்திரியில் பெட்பான் தூக்குகிறவள் நான். சீழ், வாந்தி, இரத்தம், எதைக் கண்டும் முகம் சுளிக்க மாட்டாள் என்று வார்ட்டில் பெயர் எடுத்தவள். அந்த நான், கோல்பேர்ன் தாண்டி ஒரு கரவன் பார்க்கின் குளியலறையில், யாரோ கழற்றிப் போட்ட ஈரப் பிளாஸ்டர் குதிக்காலில் ஒட்டிக்கொள்ள, சவர்க்காரம் போகாத தலையோடு சீ என்று வெளியே ஓடிவந்தேன். வார்ட்டில் கையுறை இருக்கும். பிளாஸ்டரின் சொந்தக்காரர் யார் என்றும் தெரிந்திருக்கும். இங்கே இரண்டும் இல்லை.

இவரிடம் போய்ச் சொன்னேன். காருக்கு முன்னால் குந்தியிருந்து அதன் வயரையே பார்த்துக்கொண்டிருந்தவர், நிமிராமலே, "நாப்பத்தொரு வீதம்" என்றார். காரின் சார்ஜ் நூற்றுக்கு முப்பத்தெட்டில் இருந்து நாற்பத்தொன்றுக்கு ஏறிவிட்டதாம். நான் என்ன சொன்னேன் என்பது அவர் காதில் விழவேயில்லை.

அது 2012 ஜூன் மாதத்து நீண்ட வார இறுதி. பென்டில் ஹில்லில் உள்ள எங்கள் வீட்டில் இருந்து, மெல்பேர்ன் பக்கம் வெரிபீயில் உள்ள என் தம்பி வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம். மனிதர் மாதிரி பெட்ரோல் காரில் போனால் காலையில் வெளிக்கிட்டு இரவுச் சாப்பாட்டுக்கு அங்கே நிற்கலாம். எங்களுக்கு வாய்த்ததோ மின்சாரக் கார். ஓடிக்கொண்டிருந்த நல்ல காரை விற்றுவிட்டு, அந்த வருடத் தொடக்கத்தில் என் கணவர் அதைக் கொண்டுவந்து முற்றத்தில் நிறுத்தினார். முழுதாகச் சார்ஜ் ஏற்றினால் நூற்றுப் பத்துக் கிலோமீற்றர் ஓடும். பிறகு ஆறு, ஏழு மணித்தியாலம் எங்கேயாவது மின்சாரத்தில் கொழுவிவிட்டுக் காத்திருக்க வேண்டும். அப்போது ஹைவேயில் அதற்கென்று ஒரு இடமும் கிடையாது. இந்தக் காரின் வயருக்கு இருக்கிற பெரிய பிளக் சாதாரண வீட்டுச் சுவரிலும் பொருந்தாது. ஊர் ஊராக அது பொருந்துகிற ஒரே இடம் கரவன் பார்க்தான். கரவன் வண்டிகளைக் காருக்குப் பின்னால் இழுத்துக்கொண்டு வருகிறவர்கள் இரவு தங்கிப் போகிற காணி அது. ஒவ்வொரு துண்டு நிலத்துக்கும் ஒரு மின்கம்பம் இருக்கும்.

கார் வாங்கின புதிதில் தம்பி போனில் சிரித்தான். "அத்தான், உந்தக் காரில மெல்பேர்னுக்கு வாறதெண்டால் பின்னால நாலு பேரை வைச்சுத் தள்ளிக்கொண்டுதான் வரவேணும்." இவர் அப்போதைக்குச் சிரித்து வைத்தார். அன்று தொடக்கம் ஒரே பிடி, அந்தக் காரைத் தம்பியின் வாசலில் கொண்டுபோய் நிறுத்தித்தான் தீருவாராம். ஆணுக்கு ரோசம் வந்தால் பெண்சாதிதான் குளிரில் விறைக்க வேண்டும்.

நான் ஏன் ஏறினேன் என்று கேட்பீர்கள். எனக்கு வேறு வழியில்லை. அம்மா யாழ்ப்பாணத்தில் இருந்து மூன்று மாத விசாவில் வந்து தம்பியுடன் இருந்தார். ஒன்பது வருடத்துக்குப் பிறகு இந்த நாட்டுக்கு வந்த அம்மாவை நான் இன்னும் ஒரு தடவை கூடப் பார்க்கவில்லை. வந்த கிழமையே போனில் சண்டை. கடைசி ஒரு மாதமாவது என்னோடு வந்து இருங்கள் என்று கேட்டேன். "நீங்கள் ரெண்டு பேரும் வேலைக்குப் போட்டால் நான் சுவரோடையே கதைக்கிறது? இஞ்சை பிள்ளைகள் இருக்கு, எனக்கு இதுதான் வசதி" என்றார். எனக்குத் தலைக்கேறிவிட்டது. "மகன் வீடுதான் சொர்க்கமெண்டால் அங்கையே இருங்கோ, என்னைத் தேடவேண்டாம்" என்று சொல்லி போனை வைத்தேன். இரண்டரை மாதம் கதைக்கவில்லை. அம்மாவுக்கு ஞாயிறு பின்னேரம் நாலரைக்கு விமானம் என்று தம்பி சொன்ன பிறகுதான் எனக்குப் புத்தி வந்தது. ஓடித் திரிந்து லீவு எடுத்தேன். இவர் கணக்குப் போட்டார். வியாழன் விடிய வெளிக்கிட்டால் சனி மத்தியானம் வெரிபீயில் நிற்கலாமாம். எங்கள் மகளையும் கூப்பிட்டோம். "நோ வே" என்றாள். இரண்டே சொல். வீட்டில் அவள்தான் புத்திசாலி.

குளிருக்கு ஹீட்டர் போடக்கூடாது, சார்ஜ் குறைந்துவிடும். எண்பதுக்கு மேல் ஓடக்கூடாது, அதுவும் சார்ஜைக் குறைத்துவிடும். போர்வையால் போர்த்திக்கொண்டு, பின்னால் வருகிற லொறிக்காரர்களின் ஹார்னை எல்லாம் வாங்கிக் கட்டிக்கொண்டு ஊர்ந்தோம். ஒவ்வொரு பார்க்கிலும் ஒரே கேள்வி. "உங்கள் கரவன் எங்கே?" இல்லை. "கூடாரம்?" இரவுக்குத்தான். "அப்ப இப்ப எதுக்கு இடம்?" காருக்குச் சார்ஜ் ஏற்ற. உடனே அலுவலகத்தில் இருக்கிற பெண்கள் என்னைத்தான் பார்ப்பார்கள். பாவம், இவளுக்கு இப்படி ஒரு புருசனா என்கிற பார்வை.

கரவன் இல்லாதவர்கள்தானே என்று எங்களுக்குத் தருவது எப்போதும் கடைசி மூலை. அந்த மூலையில்தான் கரவன்காரர்கள் தங்கள் கக்கூசுப் பெட்டியைக் கொண்டுவந்து கவிழ்க்கிற குழி இருக்கும். காலையில் பல் துலக்கும் நேரத்துக்கு வரிசையில் வருவார்கள், பெட்டியைச் சூட்கேஸ் மாதிரி உருட்டிக்கொண்டு. கவிழ்த்துவிட்டு, அதே கையால் என் கணவரின் கையைப் பிடித்துக் குலுக்கி, கார் எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பார்கள். இவரும் வாயெல்லாம் பல்லாக விளக்குவார். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு பிளாஸ்டிக் கதிரையில் இருப்பேன். பிறகு அந்தக் கையால் இவர் எனக்குப் பிஸ்கட் நீட்டுவார்.

"கையைக் கழுவிப்போட்டு வாங்கோ."

"இஞ்சேரும், அறுபத்திரெண்டு வந்திட்டுது."

மின்கம்பத்துப் பெட்டியைத் திறந்தால் சிலந்தி வலையும் செத்த பூச்சியும். கம்பத்தின் அடியில் ஊர் நாய் எல்லாம் காலைத் தூக்கிப் போயிருக்கும். இவர் அதற்குள் கையை விட்டு, கோயில் விளக்கைத் தூண்டுகிற பக்தியோடு பிளக்கைச் செருகுவார். இந்த மனிதனோடுதான் இருபது வருடம் ஒரே கட்டிலில் படுத்திருக்கிறேன் என்று நினைக்க எனக்கே அருவருப்பாக இருந்தது.

வெள்ளிக்கிழமை ஒரு பார்க்கில் இடமே இல்லை. பின்னேரம் ஒரு கரவன் கிளம்பும்வரை வாசலில் காத்துக் கிடந்தோம். அதனால் சனி மத்தியானம் நிற்க வேண்டியவர்கள், சனி பின்னேரம்தான் மெல்பேர்னுக்கு வடக்கே ஒரு சிற்றூருக்கு வந்து சேர்ந்தோம். அதுதான் கடைசி நிறுத்தம். இரவு முழுக்கச் சார்ஜ் ஏற்றிக்கொண்டு விடிய ஆறுக்கு வெளிக்கிட்டால் எட்டுக்கு முன் தம்பி வீடு. ஒரு மணிக்குத்தான் அம்மா விமான நிலையத்துக்குக் கிளம்புவார். ஐந்து மணித்தியாலம் அம்மாவோடு இருக்கலாம். மன்னிப்புக் கேட்க ஐந்து நிமிடம் போதும், மிச்ச நேரம் பக்கத்தில் இருக்கலாம் என்று எனக்குள் கணக்குப் போட்டு வைத்திருந்தேன்.

மூன்று நாளாகச் சோறு இல்லை, வெறும் பாண் துண்டு. வாய் செத்துப்போயிருந்தது. இவருக்குத் தெரியாமல் காரின் பின்பக்கம் போர்வைக்குள் ரைஸ் குக்கரைச் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். சமைக்கலாம் என்று பார்க்கின் பொதுக் குசினிக்குப் போனேன். பேசினில் ஒருவன் மீன் செதில் சுரண்டிக்கொண்டு நின்றான். பக்கத்தில் ஒரு பெண் நாயின் சாப்பாட்டுக் கிண்ணத்தை, எல்லோரும் கோப்பை கழுவுகிற அதே ஸ்பொஞ்சால் தேய்த்துக்கொண்டிருந்தாள். சுவரில் இருந்த பிளக் பாயின்டில் பழைய கொழுப்பு மெழுகிக் கிடந்தது. கறுமம். அங்கே அரிசியை வைக்க எனக்கு மனம் வரவில்லை. அரிசியைக் குழாயடியில் கழுவிக்கொண்டு எங்கள் இடத்துக்கே திரும்பினேன்.

இவர் குளிக்கப் போயிருந்தார். எங்கள் மின்கம்பத்தில் கார் பிளக்குக்குப் பக்கத்தில் இன்னொரு ஓட்டை சும்மா இருந்தது. வியாழக்கிழமையே இவர் சொல்லித்தான் இருந்தார், "கார் கொழுவின இடத்தில வேற ஒண்டும் கொழுவக்கூடாது" என்று. இவர் சொல்கிற நூறு கட்டளையில் அதுவும் ஒன்று என்று விட்டுவிட்டேன். குக்கரைக் கொழுவினேன். கொஞ்ச நேரத்தில் டக் என்று சத்தம் கேட்டது, குக்கரின் லைட் அணைந்தது. சோறு ஆகிவிட்டது என்று நினைத்தேன். வாயில் வைத்தால் நடு அரிசி கடிபட்டது. பழைய குக்கர்தானே என்று ஊறுகாயோடு நாலு வாய் விழுங்கிவிட்டு, இவர் வருவதற்குள் குக்கரைப் பிடுங்கிப் போர்வைக்குள் மறைத்தேன். இவர் வந்து பாணைத் தின்றார். அன்றைக்கு என்னவோ வீதம் பார்க்கவில்லை. மூன்று நாள் அலுப்பு, கூடாரத்துக்குள் விழுந்தவர் அப்படியே தூங்கிவிட்டார்.

விடிய ஆறு மணிக்குக் காரில் பத்தொன்பது வீதம். முதல்நாள் வந்து நின்றபோது இருந்ததைவிட ஒன்பதுதான் கூட.

இவர் முகம் செத்துப்போயிற்று. பிளக்கைப் பிடுங்கிப் போட்டார், திரும்பப் பிடுங்கிப் போட்டார். ஒன்றும் இல்லை. கம்பத்துக்கு மின்சாரம் கொடுக்கிற பெட்டி பூட்டியிருந்தது. அலுவலகம் ஒன்பதுக்குத்தான் திறக்கும் என்று கதவில் எழுதியிருந்தது. ஒன்பதுக்கு வந்த பெண் பெட்டியைத் திறந்து, விழுந்திருந்த சுவிட்சைத் தூக்கிவிட்டாள். காரோடு சேர்த்து வேறு ஏதாவது கொழுவினீர்களா, ஹீட்டர், கேத்தில் என்று கேட்டாள். இவர் நெஞ்சை நிமிர்த்தி, இல்லவே இல்லை என்றார். நான் கூடாரத்தின் கயிற்றை அவிழ்ப்பதில் மும்முரமாக இருந்தேன்.

பிறகு கூடாரத்தைக் காரின் பின்னால் ஏற்ற வந்தவர், போர்வையை இழுத்தார். குக்கர் உருண்டது. மூடியைத் திறந்து அந்த அரை அவியல் சோற்றைப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். மூடினார். போர்வையால் பழையபடி சுற்றி வைத்தார். அவர் கத்தியிருந்தால் நானும் நாலு கேள்வி கேட்டிருப்பேன். கத்தவில்லை.

"தம்பிக்குப் போன் அடியும்" என்றார் மெதுவாக. "ஒண்டரை மணித்தியாலத்தில வந்து உம்மை ஏத்திக்கொண்டு போவான். நான் பிறகு காரைக் கொண்டு வாறன்."

மூன்று நாள் எங்களை நாய்ப்பாடு படுத்திய ரோசத்தை அந்த மனிதர் ஒரே வசனத்தில் இறக்கி வைத்துவிட்டார். நான் செய்ய வேண்டியது போனை எடுப்பது மட்டும்தான். எடுக்கவில்லை. தம்பி வந்து ஏற்றிப்போய் என்னை அம்மாவின் முன்னால் இறக்குவதா? மகன் வீடுதான் வசதி என்று அம்மா சொன்னது சரி என்று நானே போய் நிரூபிப்பதா? குக்கர் கதை தெரிந்தால் அவன் வாழ்நாள் முழுக்கச் சிரிப்பானே?

"வேண்டாம், நேரம் கிடக்கு" என்றேன்.

"நேரம் இல்லையப்பா."

"நான் சொல்லுறன் கிடக்கெண்டு."

ஊருக்கெல்லாம் சகுனம் சொல்லுமாம் பல்லி, தான் போய் விழுமாம் கழனிப்பானையில் துள்ளி. அது என்னைத்தான் சொன்னது.

பன்னிரண்டு மணிக்குத் தம்பியே போன் எடுத்தான். "அக்கா, எங்கை நிக்கிறியள்? நான் வந்து ஏத்தட்டோ?" பின்னால் அம்மாவின் குரல் கேட்டது. "பிள்ளை வாறாளாமோ?" அம்மாவிடம் போனைக் கொடு என்று சொல்லியிருக்கலாம். "கிட்டத்தான் நிக்கிறம், நேர எயார்போர்ட்டுக்கு வாறம், நீ வெளிக்கிடு" என்று சொன்னேன். அப்போது நான் நின்றது அந்தக் கக்கூசுக் குழிக்குப் பக்கத்தில். கார் ஐம்பத்தைந்து வீதம்.

இரண்டு மணிக்கு முன் கிளம்ப முடியவில்லை. விமான நிலையத்துக்குள் ஓடிப்போனபோது மூன்று பத்து. தம்பி தனியாக நின்றான். கடைசி ஆளாக நின்று நின்று, இனி நிற்க முடியாது என்றானபிறகு, பத்து நிமிடத்துக்கு முன்தான் அம்மா உள்ளே போனாராம். உள்ளே போகிற கதவு கண்ணாடிகூட இல்லை, வெறும் சாம்பல் நிறத் தகடு. அதைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தம்பி இவரை முறைத்தான்.

"என்ன அத்தான் நடந்தது?"

"கார் காலை வாரிப்போட்டுது தம்பி" என்றார் இவர். "நீர் அண்டைக்குச் சொன்னது சரிதான். தள்ளிக்கொண்டுதான் வந்திருக்கவேணும்."

தம்பி சிரிக்கவில்லை. குக்கர் கதையை வீட்டுக்குப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தேன். பிறகு நாளைக்கு என்று நினைத்தேன்.

அம்மாவை நான் அதற்குப் பிறகு நேரில் காணவில்லை. போனில் மட்டும்தான். போய்ச் சேர்ந்த கிழமை அவரே எடுத்தார். நான் குசினியில் நின்று ஸ்பீக்கரில் போட்டுக் கதைத்தேன். பழைய சண்டையைப் பற்றி ஒரு சொல் இல்லை. என்மேல் கோபமும் இல்லை. கோபமெல்லாம் இவர்மேல்தான்.

"உன்ர மனிசனுக்குப் புத்தி இருக்கே? ஒரு விசர்க் காருக்காக என்ர பிள்ளையை என்னட்டைக் கொண்டுவந்து காட்டாமல் விட்டிட்டானே."

இவர் எனக்குப் பக்கத்தில் நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். கை ஒரு கணம் நின்றது. என்னைப் பார்க்கவில்லை.

"ஓம் அம்மா" என்றேன். "அவரைத் தெரியும்தானே."